மீன்கள் உயிருடன் உள்ளன

பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே நாற்றம் நேசபாயைப் பிடித்துக்கொண்டது. அழுகிய முட்டையின் வாடையும் செத்த எலியின் வாடையும் ஈரச்சாக்கின் புழுக்கமும் ஒன்றாகக் குழைந்து தொண்டையில் அப்பியது. பக்கத்து இருக்கைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இறங்கும்மா, சட்டுன்னு இறங்கு, வண்டி போட்டும்" என்று அவசரப்படுத்தினார்.

மணவாளக்குறிச்சிக்குக் கிழக்கே உள்ளொதுங்கிய ஊர் அது. 1953 மாசி மாதம். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து நேசபாய்க்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்தாறு. ஊர்க்குளத்தில் கதம்பல் ஊறப்போட்டுக் குளத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று விவசாயிகள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருந்தார்கள். தேங்காய் உரித்த மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் அழுக வைத்தால்தான் கயிறு திரிக்கத் தும்பு கிடைக்கும். அந்தத் தண்ணீர் உயிர்களுக்குக் கேடானதா என்று பார்த்துச் சொல்லும்படி தாசில்தார் கல்லூரிக்கு எழுதியிருந்தார். புரொபசர் அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கி நேசபாயின் மேசையில் வைத்தார். "எனக்கு இந்த வாடையெல்லாம் ஆகாது. நீ ஒரு நடை போயிட்டு வந்திரு."

மனுக் கொடுத்தவர்களில் முதல் கையெழுத்துக்காரர் கோலப்பன் சாலையோரத்தில் காத்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. குளத்துக்குக் கீழே அவருக்கு ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு வயல் இருந்தது.

"நடந்திருவியளா டீச்சரம்மா? இங்கேருந்து அரை மைல்தான். போகப்போக இன்னும் நாறும். தண்ணிய வயலுக்கு விட்டா நாத்து மஞ்சளிச்சுப் போகுது. குளிச்சா உடம்பு முழுக்கச் சொறி. எங்க வீட்டு எருமை அந்தத் தண்ணியில வாய் வைக்க மாட்டேங்குது."

நேசபாய் கைக்குட்டையை மூக்கோடு அழுத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் காற்று உள்ளே போய்விடும்.

குளம் கறுப்பாகக் கிடந்தது. நிழல் விழுந்த கறுப்பு இல்லை. நல்ல வெயிலில், அடுப்புக்கரியைக் கரைத்து ஊற்றியது போன்ற கறுப்பு. மேலே சாம்பல் நிறத்தில் ஆடை படிந்து, அதைக் கிழித்துக்கொண்டு அங்கங்கே குமிழிகள் வந்து வெடித்தன. ஒவ்வொரு குமிழி வெடிக்கும்போதும் நாற்றம் புதிதாகப் பிறந்தது. ஓலை மூடிச் சேறு பூசிய கதம்பல் குவியல்கள் தண்ணீருக்குள் முதுகு காட்டிக்கொண்டு கிடந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்று பெண்கள் அழுகிய மட்டைகளை வாரிக் கரையில் எறிய, கரையில் இருந்தவர்கள் மரக்கட்டையால் அவற்றை அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பழுப்புச் சாறு முகத்தில் தெறித்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

"வா மக்கா, வா! நம்ம சபைப் பிள்ளைய அனுப்பியிருக்காவளே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!" என்று கைகளை விரித்தபடி வந்தவர் ரசலையன். கதம்பல் முதலாளி. நேசபாயின் குடும்பம் போகும் சர்ச்சில்தான் அவரும் கமிட்டி மெம்பர். பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுவார். அந்த நாற்றத்தின் நடுவில் வெளுத்த ஜிப்பா போட்டு, தலையில் வாசனை எண்ணெய் தடவியிருந்தார். நேசபாய் கைக்குட்டையை இன்னும் இறுக்கி அழுத்தினாள்.

"குளம் செத்துப் போச்சுன்னு கோலப்பபிள்ள சொல்லுகாரு. செத்த குளத்துல உயிர் இருக்குமா? நீ படிச்ச பிள்ள, நீயே பாரு."

அவர் சைகை காட்டியதும் ஓர் ஆள் வீச்சுவலையை விரித்து எறிந்து இழுத்தான். வலை கனத்து வந்தது. கரையில் உதறியதும் மீன்கள் துள்ளின. மீசை வைத்த கறுத்த தேளிகள், செவுள்மூடியை ஊன்றிச் சேற்றில் ஊர்ந்த பனையேறி மீன்கள், முழங்கை நீளத்துக்கு இரண்டு வரால்.

"பாத்தியா? கொழுத்து உருண்டு கிடக்கு!" ரசலையன் ஒரு வராலைப் பிடித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதன் வாயிலிருந்து கறுப்பாகக் கோழை வடிந்தது. நேசபாய் திரும்பி ஓடித் தென்னை மூட்டில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

நிமிர்ந்தபோது ஒரு பெண் பித்தளைச் செம்பில் தண்ணீரோடு நின்றாள். அவள் பெயர் உலகம்மை என்று நேசபாய் பின்னால் தெரிந்துகொண்டாள். மட்டை அடிக்கிறவள். நாற்பது வயது. விரல்கள் ஊறி வெளுத்து, நகக்கண்கள் கறுத்து, உள்ளங்கையில் தோல் வெடித்திருந்தது. "கிணத்துத் தண்ணியாக்கும். வாயக் கொப்புளியுங்க."

நேசபாய் அந்தக் கையைப் பார்த்தாள். செம்பின் விளிம்பில் பதிந்திருந்த கட்டைவிரலைப் பார்த்தாள். "வேண்டாம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு சீசாவில் குளத்துத் தண்ணீரும், ஒரு மண்சட்டியில் இரண்டு தேளியும் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியபோது, வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கோலப்பன் கூடவே வந்து ஏதேதோ சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் மூன்று தரம் தலைக்கு ஊற்றினாள். உடுத்திருந்த சேலையை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அறிக்கை எழுதினாள். ஆங்கிலத்தில் அரைப் பக்கம். நீர் கறுத்துத் துர்நாற்றம் வீசுகிறது. எனினும் வலை வீசிப் பார்த்ததில் மூன்று வகை மீன்கள் ஏராளமாகக் கிடைத்தன, மீன்கள் உயிருடன் உள்ளன. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. புரொபசர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துக் கோலப்பன் கல்லூரி வராந்தாவில் வந்து நின்றார். கையில் திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் மலையாளத்தில் எழுதிய உத்தரவு. மனு தள்ளுபடி. அதில் ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது.

"எனக்கு இங்கிலீசு வராது. வக்கீல் குமாஸ்தா வாசிச்சுச் சொன்னான். இந்த வரி உங்க எழுத்தாக்கும்னு சொல்லுகான். அப்படியா?"

நேசபாய் வாசித்தாள். "ஆமா."

"மீன் இருக்குன்னு எழுதினியளே, என்ன மீன் இல்லைன்னு கேட்டியளா? அயிரை எங்கே, கெண்டை எங்கே, கயல் எங்கே? எங்க ஊர்ல யாரு வேணும்னாலும் சொல்லியிருப்பானே. உங்களுக்கு நிக்க முடியல்ல. அருவருப்பு. நாங்க அங்கதான் இருக்கோம் டீச்சரம்மா." அவர் சத்தம் போடவில்லை. உத்தரவை மடித்து மடியில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அன்று வகுப்பு முடிந்ததும் அவள் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் போனாள். கொண்டுவந்த மண்சட்டியை அங்கே மூலையில் வைத்தது ஞாபகம் வந்தது. செத்திருக்கும் என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடியைத் திறந்தாள். அதே கறுப்புத் தண்ணீர் பாதியாக வற்றிக் கூழாகிக் கிடந்தது. இரண்டு தேளியும் உயிரோடு இருந்தன. ஒன்று மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை ஒரு வாய் கவ்விக்கொண்டு கீழே போனது. கொஞ்ச நேரத்தில் மற்றது வந்தது. பிறகு மறுபடியும் முதலாவது.

நேசபாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தாள். தேளிக்குச் செவுளிலிருந்து முதுகு நெடுக ஓடும் காற்றுப்பை உண்டு என்பதும், பனையேறிக்கும் வராலுக்கும் செவுளுக்கு மேலே காற்றை வாங்கத் தனி அறை உண்டு என்பதும் அவளே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிற பாடம். வலையில் வந்த மூன்று வகையும் அந்த வகைதான். அவை அந்தத் தண்ணீரில் வாழவில்லை. தண்ணீருக்குள் ஒளிந்துகொண்டு, மேலே வந்து காற்றில் வாழ்ந்தன. தண்ணீரைச் சுவாசிக்கிற ஒரு மீன்கூட அந்த வலையில் இல்லை. கரையில் நின்று இது ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபோது, தன்மேலேயே ஓக்காளம் வந்தது. கைக்குட்டைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு பாடத்தை மறந்தவள் அவள்.

மறுநாள் பழையாற்றிலிருந்து கெண்டைக்குஞ்சுகள் வாங்கி வரச் சொன்னாள். சீசாவில் இருந்த குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி இரண்டு குஞ்சுகளை விட்டாள். அவை ஒரு சுற்றுச் சுற்றின. செவுள்கள் விசிறி போல் அடித்துக்கொண்டன. ஐந்தாவது நிமிடத்தில் பக்கவாட்டில் சாய்ந்தன. பிறகு ஒரு தேளியை எடுத்து மயக்கி அறுத்தாள். செவுள் சிவப்பாக இல்லை. பழுப்புக் களியாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. விஷம் உள்ளே ஏறாமலிருக்க மீன் தன் செவுளைக் கோழையால் மூடிக்கொண்டிருந்தது. ஊசியால் நீக்க நீக்கக் கோழை நூலாக இழுபட்டது. வீங்கிய ஈரலிலிருந்து கறுத்த ரத்தம் கசிந்தது. கொழுத்து உருண்ட மீன் என்று ரசலையன் சொன்னதன் உள்பக்கம் அதுதான்.

கையை நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே பொரித்த மீனின் வாசனை.

"ரசலையன் மாமா ஒரு கூடை தேளி குடுத்தனுப்பியிருக்காரு" என்று அம்மா சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். "உனக்காக்கும். நீ நல்லபடியா எழுதிக் குடுத்தியாமே. எவ்வளவு நெய்யி பாரு இதுல!"

இலையில் ஏற்கனவே நாலு துண்டு. அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். உதட்டோரம் எண்ணெய் மினுங்கியது. நேசபாய்க்குக் காலையில் பார்த்த கோழை நூல் கண்முன் இழுபட்டது.

"துப்பும்மா."

"என்னட்டி?"

"துப்பும்மா! அது குளத்து மீன். அந்தக் குளத்து மீன்!" சட்டியை அடுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போய்ப் புறக்கடைக் குழியில் கொட்டினாள். உள்ளங்கை சுட்டுக் கொப்புளித்தது. அம்மா, படித்த பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதாள்.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போய், தன் அறிக்கை தவறு, திருத்தி எழுதவேண்டும் என்றாள். தாசில்தார் கோட்டயம் பக்கத்துக்காரர். மரியாதையானவர். "மீன் உண்டு என்னு நிங்ஙள் தன்னெ எழுதி. இப்போ இல்லா என்னு எழுதுமோ?" என்று சிரித்தார்.

"இருக்கு. எப்படி இருக்குன்னு காட்டுகேன். குளத்தங்கரைக்கு வந்து ஒரு மணி நேரம் நில்லுங்க. போதும்."

அவர் யோசித்து, ஏப்ரலில் ஒரு தேதி கொடுத்தார்.

அந்தத் தேதி வரும்வரை நேசபாய் வாரத்தில் மூன்று சாயங்காலம் குளத்துக்குப் போனாள். நாற்றம் குறையவில்லை. முதல் நாள் மறுபடியும் வாந்தி. இரண்டாம் நாள் வாந்தி எடுத்துவிட்டு நின்றாள். மூன்றாம் நாள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகித் தண்ணீருக்குள் இறங்கினாள். சேறு வெண்ணெய் போல விரலிடுக்கில் பிதுங்கிற்று. அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினால் நெளிகிற சிவப்புப் புழுக்கள். காற்று இல்லாத சேற்றில் கிடைக்கிற துளிக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அவற்றுக்கு அவ்வளவு சிவந்த ரத்தம். நத்தைகள் மூடியை இழுத்து அடைத்துக்கொண்டு கல் போலக் கிடந்தன. பத்து நத்தையை எடுத்து நல்ல தண்ணீரில் போட்டபோது மூன்று மட்டும் கதவு திறந்தன. மற்றவை உள்ளுக்குள்ளேயே அழுகியிருந்தன.

உலகம்மை வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். "நாத்தமா? எனக்குத் தெரியாது டீச்சரம்மா. வந்த புதுசுல சோறு இறங்காது. இப்போ மல்லியப்பூவ மூக்குல வச்சாலும் தெரியமாட்டேங்கு. இதப் பாத்தியளா?" காலை நீட்டிக் காட்டினாள். மெட்டி வெள்ளிதான். கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. "புளி போட்டுத் தேய்ச்சா ஒரு நாள் வெளுக்கும். மறுநாள் இதே கதி."

அவள்தான் பழைய மீன்களின் பெயரெல்லாம் சொன்னாள். கதம்பல் போடுவதற்கு முன்னால் அந்தக் குளத்தில் பதினோரு வகை மீன் பிடித்திருக்கிறாள். எது எந்த மாதம் கரையோரம் செத்து ஒதுங்கிற்று என்பதுகூட ஞாபகம் இருந்தது. முதலில் அயிரை, பிறகு கயல், கடைசியாகப் பெரிய கெண்டை. நேசபாய் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அந்தச் சாயங்காலம் உலகம்மை நீட்டிய செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள். குடித்தபோதும் உள்ளே குமட்டத்தான் செய்தது. வெளியே காட்டவில்லை.

விசாரணை நாள் ஊரே கரையில் கூடியது. தாசில்தாருக்கு மடக்கு நாற்காலி. வாசனை எண்ணெயும் வெளுத்த ஜிப்பாவுமாக ரசலையன். இந்த முறை அவரே வலை வீசச் சொன்னார். தேளிகள் துள்ளின. "ஐயா பாருங்க. செத்த குளமா இது?"

நேசபாய் இரண்டு பித்தளைப் பானை கேட்டாள். ஒன்றில் குளத்துத் தண்ணீர். மற்றதில் மேற்கே ஓடும் கால்வாய்த் தண்ணீர். ரசலையனின் வலையிலிருந்தே பானைக்கு மும்மூன்று தேளி. பிறகு, மட்டை வாரும் ஓட்டைக் கூடைகள் இரண்டை எடுத்து, ஒவ்வொரு பானைக்குள்ளும் தண்ணீர் மட்டத்துக்கு நாலு விரல் கீழே இறுக்கிச் செருகினாள். மீன் மேலே வந்து காற்றைக் கவ்வ முடியாது. தண்ணீர் மட்டும்தான்.

"மேல வந்து மூச்சு வாங்காம, குளத்துத் தண்ணியை மட்டும் குடிச்சு இருந்து காட்டட்டும்" என்றாள்.

"இது என்ன வித்தை காட்டுகது?" என்று ரசலையன் சிரித்தார்.

பத்து நிமிடத்தில் குளத்துப் பானைக்குள் கூடை அதிர ஆரம்பித்தது. மீன்கள் மூக்கால் முட்டின. கூடையின் ஓட்டைகளில் மீசையை நுழைத்து நுழைத்து இழுத்தன. கால்வாய்ப் பானை சத்தமில்லாமல் இருந்தது. அரை மணியில் முட்டுவது ஓய்ந்தது. முக்கால் மணியில் மரியான் என்ற தாலுகா சேவகன் கூடையை எடுத்தான். மூன்றும் வயிறு மேலாகக் கிடந்தன. வாய் பிளந்து, செவுளோரம் கோழை நுரைத்திருந்தது. மற்றப் பானையில் மூன்றும் மீசையை ஆட்டிக்கொண்டு கிடந்தன.

தாசில்தார் எழுந்து பானைக்குள் குனிந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முகமும் வெளிறிப் போயிருந்தது.

"இந்தக் குளத்துல முன்னால என்னென்ன மீன் உண்டு?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

கூலிக்காரப் பெண்கள் ரசலையனைப் பார்த்தார்கள். உலகம்மை மட்டும் முன்னால் வந்து, பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

உத்தரவு பதினைந்து நாளில் வந்தது. மூன்று மாதத்துக்குள் கதம்பல் முழுவதையும் குளத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். கோலப்பன் ஒரு தார் செவ்வாழைப்பழத்தோடு வந்தார். "உங்க மேல கோவப்பட்டேன், மனசுல வைக்காதீங்க" என்றார். சர்ச்சில் ரசலையன் அவளைப் பார்த்தால் பாட்டை நிறுத்தாமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மாவோடு யாரும் ஒரு பெஞ்சில் உட்காரவில்லை.

ஆடி மாதம் குளத்தைப் பார்க்கப் போனாள். கதம்பல் இல்லை. தண்ணீர் இன்னும் கறுப்புதான். தெளிய இரண்டு மூன்று மழைக்காலம் ஆகும். கரையில் உலகம்மையின் குடிசை வாசலில் அடுப்புப் புகையவில்லை. அவள் உள்ளேயிருந்து வந்து நின்றாள்.

"மொதலாளி வள்ளியாறு கடல்ல சேருற முகத்துக்குப் போயிட்டாரு. அங்க கதம்பல் போடுகாரு. இங்கேருந்து பன்னிரண்டு பேரக் கூட்டிட்டுப் போனாரு. நான் பேசினேன்லா, என்னைய எடுக்கல்ல." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "மீனு பொழைக்கும் டீச்சரம்மா. எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

நேசபாய் குடிசை வாசலில் உட்கார்ந்தாள். கல்லூரி விடுதிச் சமையலறையில் ஆள் தேவைப்படுகிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். அந்த மாதக் கடைசியில் விடுதி மேட்ரன் உலகம்மையின் கையைப் பார்த்துவிட்டு, இந்தக் கையாலா பிள்ளைகளுக்குச் சோறு போடுவது என்று முகம் சுளித்தாள். நேசபாய் அவளிடம் இரண்டு நாள் வாதாடி, கடைசியில் பாத்திரம் கழுவும் வேலை மட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் ஆற்று முகத்துக்குப் பஸ் ஏறினாள். மூங்கில் கழிகள் நட்டு, புதுக் குவியல்களைத் தண்ணீரில் அமுக்கியிருந்தார்கள். தண்ணீர் இன்னும் கறுக்கவில்லை. பழுப்புத்தான். ஆனால் ஓரத்தில் மடவை மீன்கள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிக் கிடந்தன. ஈ மொய்த்த வாய்கள். வீங்கிய வயிறுகள். கடல்காற்றையும் மீறி அந்த வாடை மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. மடவைக்குக் காற்றுப்பை கிடையாது, காற்றறையும் கிடையாது. அதற்கு இருப்பது செவுள் ஒன்றுதான்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கினாள். ஒரு மீனை எடுத்து, வெறும் விரலால் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நோட்டுப்புத்தகத்தைத் திறந்து, தேதி போட்டு, செத்துக் கிடந்தவற்றை ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.